கட்டுமான வழக்கு உத்தியும் மென்ட்டாரிங்கும்: ஆய்வு செய்ய வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டுமானத் துறையின் சிவில் வழக்குகளையும், அனுபவசாலி ஒருவர் இளையவருக்கு வழிகாட்டிப் பழக்கும் மென்ட்டாரிங்கையும் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் இன்ஜினியர்களும் சட்ட மாணவர்களும் என்னிடம் கேட்டவை இவை. ஒரே சந்தேகம் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்ததால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வழக்கு உத்தின்னா கோர்ட்டுல ஜெயிக்கிற தந்திரம்தானே? அதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

கோர்ட்டில் வாதாடுவது அதில் ஒரு சிறு பகுதிதான். நடந்த இழப்பைக் கேட்பதா விடுவதா, எப்போது கேட்பது, எந்த மன்றத்தில் கேட்பது, எதையெல்லாம் சேர்த்துக் கேட்பது, எந்தக் கட்டத்தில் சமரசத்துக்கு இறங்குவது, அதற்குள் எந்த ஆதாரத்தைத் திரட்டுவது என்று வரிசையாக வரும் முடிவுகள் எல்லாமே உத்திதான். இவற்றில் பெரும்பாலானவை வக்கீல் உள்ளே வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன. பல நேரம் முடிவு எடுக்கிறோம் என்பது தெரியாமலேயே எடுக்கிறார்கள்.

ஃபெல்ஸ்டைனர், ஏபல், சாரட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980-81-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு அடித்தளம். தனக்கு ஒரு பாதிப்பு நடந்திருக்கிறது என்று ஒருவர் முதலில் உணர வேண்டும். அடுத்து அதற்கு யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். பிறகு அவரிடம் ஈடு கேட்க வேண்டும். அவர் மறுத்தால்தான் அது தகராறாகிறது. ஒவ்வொரு படியிலும் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் காட்டியது. சைட்டில் யார் எந்தப் படியில் நின்றார், ஏன் நின்றார் என்று கேட்டாலே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி கிடைத்துவிடும்.

மத்த தொழில்லயும் ஒப்பந்தம் இருக்கு. கட்டுமானத்துல மட்டும் ஏன் இவ்வளவு தகராறு?

விலை பேசி முடிக்கும்போது பொருள் கையில் இல்லை. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. டிராயிங் பாதிதான் வந்திருக்கும். வேலை வருடக்கணக்கில் ஓடும். மேலே ஒருவர் பணத்தை நிறுத்தினால் கீழே சப்-கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஆள் வைத்திருப்பவர் என்று எல்லாருக்கும் நின்றுபோகும். இத்தனைக்கும் நடுவில் தாமதம் யாரால் என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயமான பதில் இருக்கும்.

இதற்கு மேல் காலக்கெடு வேறு இருக்கிறது. பல நாடுகளில் புழங்கும், ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் காலமோ பணமோ வேண்டுமென்றால், விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். தவறினால் உரிமையே போய்விடும் என்று 20.1-ஆம் பிரிவு சொல்கிறது. 2017 பதிப்பு அந்தக் கட்டுப்பாட்டை வேலை கொடுப்பவருக்கும் விரித்தது. அந்த 28 நாளும் ஓடுவது சைட்டில். அங்கே இருப்பவர் அநேகமாக வேலைக்குச் சேர்ந்து சில வருடமே ஆன ஒரு இளம் இன்ஜினியர்.

சரி, இதுக்கும் மென்ட்டாரிங்குக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட் ஆச்சே?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். ஒரு டெய்லி ரிப்போர்ட்டில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: "மழை. வேலை நடக்கவில்லை." இன்னொன்று: "காலை 10.20 முதல் மாலை 4 வரை மழை. சி-4 தூண் அடித்தளக் குழியில் 40 செ.மீ. தண்ணீர். 2 பம்ப் ஓடின. கம்பி கட்டுபவர்கள் 11 பேர் சும்மா இருந்தார்கள். அதே தூணுக்குத் திருத்திய டிராயிங்கும் இன்று வரை வரவில்லை. மழை இல்லாவிட்டாலும் கான்கிரீட் போட்டிருக்க முடியாது." முதல் வரியை வைத்து மூன்று வருடம் கழித்து எந்த வக்கீலாலும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதில் இழப்பு, காரணம், அளவு மூன்றும் இருக்கின்றன. கடைசி வாக்கியம் எழுதியவர் பக்கத்துக்கே சாதகமா பாதகமா என்பது வழக்கைப் பொறுத்தது. ஆனால் அது நடந்தது, அதனால் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் வகையில் எழுதுகிறவர் இரண்டாம் வகைக்கு எப்படி மாறுகிறார்? கல்லூரியில் ஒப்பந்த மேலாண்மை என்று ஒரு பாடம் படித்திருப்பார், அது போதாது. யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை மணிக்கு? எத்தனை ஆள்? எந்தத் தூண்?" என்று மாதக்கணக்கில் கேட்டிருப்பார். வழக்கின் முடிவு அந்தப் பழக்கத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. வழக்கை ஆராய்பவர்கள் ஆவணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது குறைவு. மென்ட்டாரிங்கை ஆராய்பவர்கள் அதன் பலனைச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் தேடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மென்ட்டார்னா சீனியர்தானே? எங்க பிராஜெக்ட் மேனேஜரை மென்ட்டார்னு எழுதிக்கலாமா?

எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஆய்வில் அது சிக்கலை உண்டாக்கும். மேனேஜர் உங்கள் வேலையை மதிப்பிடுகிறவர். அவரிடம் "எனக்கு இந்தப் பிரிவு புரியவில்லை" என்று சொல்ல எல்லாருக்கும் தைரியம் வராது. மென்ட்டாரிங்கை ஆராய்ந்த கேத்தி கிராம் 1980-களில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சட்டகம் தருகிறது. மென்ட்டார் செய்வதை அவர் இரண்டாகப் பிரித்தார்: தொழிலில் முன்னேற வழி செய்வது ஒன்று, மனத் துணையாக இருந்து தன்னம்பிக்கை தருவது இன்னொன்று. உறவு தொடங்கி, வளர்ந்து, பிரிந்து, பிறகு வேறு உருவம் எடுக்கிறது என்று நான்கு கட்டங்களையும் சொன்னார்.

ஆய்வில் யாரை மென்ட்டார் என்கிறீர்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே வரையறுத்துவிடுங்கள். கம்பெனி நியமித்தவரா, தானாக அமைந்தவரா, மதிப்பீடு செய்யும் அதிகாரம் உள்ளவரா இல்லாதவரா? இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பாதிக் கேள்வி குறையும்.

இதுல ஏற்கெனவே ஆராய்ச்சி நடந்திருக்கா? எங்க தேடறதுன்னே தெரியல.

நிறைய நடந்திருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. சட்டமும் சமூகமும் என்ற துறையில் ஒரு பகுதி, சட்டப் பொருளாதாரத்தில் ஒரு பகுதி, கட்டுமான மேலாண்மையில் ஒரு பகுதி, மனிதவளத் துறையில் ஒரு பகுதி. அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 2009 முதல் சட்ட விவகாரங்களுக்கும் தகராறு தீர்வுக்கும் தனி ஆய்விதழ் நடத்துகிறது. தாமதம், கிளெய்ம் (கூடுதல் பணமோ காலமோ கேட்பது), ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பது) பற்றித் தேட அங்கே தொடங்கலாம்.

"கட்டுமானம்", "மென்ட்டாரிங்", "வழக்கு" மூன்றையும் ஒன்றாகப் போட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று சோர்ந்து வருகிறவர்கள் அதிகம். மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் படித்துவிட்டு இணைப்பை நீங்கள் போட வேண்டும். ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் கற்றல் பற்றி 1991-இல் எழுதிய புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். புதிதாக வந்தவர் ஓரத்தில் சின்ன, ஆனால் உண்மையான வேலையில் தொடங்கி மெல்ல மையத்துக்கு வருவதைத்தான் அவர்கள் கற்றல் என்றார்கள். சைட் ஆபீஸில் நடப்பதற்கு அது அப்படியே பொருந்தும்.

நான் சிவில் இன்ஜினியர். சட்டம் படிக்காம இதைப் பண்ண முடியுமா?

முடியும். சட்டக் கருத்துக்கு ஒரு துணைக் கைடு வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர்களுக்கும் இதே அறிவுரைதான், அவர்கள் ஷெட்யூல், அதாவது வேலைக் கால அட்டவணை, படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தாமதக் கணக்குக்குக் கட்டுமானச் சட்டச் சங்கம் பிரிட்டனில் 2002-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய வழிகாட்டு நெறி நல்ல தொடக்கம். ஒரே ஷெட்யூலை வெவ்வேறு முறையில் ஆராய்ந்தால் வெவ்வேறு விடை வரும் என்பதை இரு தரப்பும் ஒருமுறை கையால் செய்து பார்த்துவிடுவது நல்லது.

வெளிவந்த தீர்ப்புகளை மட்டும் படிச்சு தீசிஸ் எழுதிடலாமா? அதுதான் ஈஸியா கிடைக்குது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்கள் கேள்வியானால் தாராளமாக எழுதலாம். எந்த உத்தி பலன் தருகிறது என்பது கேள்வியானால் தீர்ப்புகள் மட்டும் போதாது. தீர்ப்பு வரை போகும் வழக்குகள் விதிவிலக்குகள். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் 1962-இல் முடிந்த சிவில் வழக்குகளில் 11.5 சதவீதம் விசாரணை வரை போயின, 2002-இல் அது 1.8 சதவீதம் என்று சட்ட ஆய்வாளர் மார்க் கேலன்டர் கணக்கிட்டார். மற்றவை சமரசத்திலோ, இடையில் தள்ளுபடியாகியோ, முழு விசாரணை இல்லாத தீர்ப்பிலோ முடிந்தன. கட்டுமானத்தில் பெரிய தொகைகள் ஆர்பிட்ரேஷனுக்குப் போகின்றன. அங்கே தீர்ப்பு பொதுவாக வெளியே வராது.

எவை எஞ்சுகின்றன என்பதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. ப்ரீஸ்ட், க்ளைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் சொன்னது இதுதான்: முடிவு தெளிவாகத் தெரியும் வழக்குகளில் இரு தரப்பும் சமரசமாகிவிடும், எப்படியும் போகலாம் என்ற வழக்குகளே கோர்ட் வரை போகும், அதனால் வெற்றி விகிதம் பாதிக்குப் பாதியை நோக்கி நகரும். அந்த முடிவு எல்லா நிலையிலும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். ஆனாலும் எச்சரிக்கை செல்லும். "நோட்டீஸ் கொடுத்தவர்களில் பாதிப்பேர் தோற்றார்கள், ஆகவே நோட்டீஸால் பயனில்லை" என்று எழுதிவிடாதீர்கள். நோட்டீஸ் சரியாக இருந்த வழக்குகள் கோர்ட் வாசலுக்கே வராமல் முடிந்திருக்கலாம்.

கோர்ட்டுக்குப் போகாமலே முடிஞ்ச தகராறை எடுத்தா தலைப்புல அடங்குமா?

அடங்கும். முதல் பதிலில் சொன்னபடி எந்த மன்றம் என்பதே உத்திதான். அமெரிக்காவின் கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் இரண்டாம் குழாய் வேலையில் 1975-இல் தகராறு ஆய்வுக் குழு வைத்தார்கள். வேலை நடக்கும்போதே சைட்டுக்கு வந்து போகும் நடுநிலைக் குழுக்களுக்கு அதுதான் முன்னோடி. இங்கிலாந்தில் 1996 சட்டத்தின்படி, 1998 முதல், கட்டுமான ஒப்பந்தத் தகராறை எந்த நேரத்திலும் அட்ஜுடிகேஷனுக்கு, அதாவது ஒரு நடுநிலையாளரின் விரைவுத் தீர்வுக்கு, அனுப்பலாம், 28 நாளில் முடிவு வர வேண்டும். இவ்வளவு வேகமாக நடக்கும் இடத்தில் கைவசம் இருக்கும் பதிவுதான் வழக்கு. புதிதாகத் திரட்ட நேரமே கிடையாது.

பெரிய கம்பெனிதான் எப்பவும் ஜெயிக்கும்னு சொல்றாங்களே, அப்புறம் உத்தி எதுக்கு?

கேலன்டரே 1974-இல் இதற்கு விளக்கம் தந்தார். வழக்காடுபவர்களை அவர் இரண்டாகப் பிரித்தார்: அடிக்கடி கோர்ட்டுக்கு வருபவர், வாழ்நாளில் ஒருமுறை வருபவர். அடிக்கடி வருபவருக்கு ஒப்பந்தப் படிவத்தைத் தானே எழுதும் வசதி உண்டு, நிபுணர்கள் பழக்கம், ஒரு வழக்கில் தோற்றாலும் நீண்ட காலக் கணக்கில் சமாளித்துக்கொள்வார். வெற்றிக்குப் பணம் மட்டும் காரணமல்ல, திரும்பத் திரும்ப வந்த அனுபவமும் காரணம்.

மென்ட்டாரிங் இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிறிய சப்-கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் இன்ஜினியருக்கு, பல கிளெய்ம்களைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், ஒருமுறை மட்டும் வழக்காடுபவருக்கு அடிக்கடி வருபவரின் அனுபவத்தில் ஒரு பங்கு கிடைக்கிறது. பணத்தை அந்த மென்ட்டாரால் கொடுக்க முடியாது. எந்தக் கடிதத்துக்கு அன்றே பதில் போட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற நிதானத்தைக் கொடுக்க முடியும். இது உண்மையில் நடக்கிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறது என்று அளந்து பார்க்க யாராவது முன்வந்தால் அந்த ஆய்வைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

எங்க கேஸ் ரொம்ப ஸ்ட்ராங். எதிர்த்தரப்பு ஏன் இறங்கி வர மாட்டேங்குறாங்கன்னு புரியல. இதுக்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா?

இருக்கிறது. பாப்காக், லோவன்ஸ்டைன், இசச்சராஃப், கேமரர் ஆகியோர் 1990-களில் செய்த சோதனை. உண்மையான ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கின் காகிதங்களை ஆட்களிடம் கொடுத்தார்கள். நீதிபதி எவ்வளவு தருவார் என்று கணிக்கச் சொல்லி, பிறகு பேரம் பேசச் சொன்னார்கள். வாதியா பிரதிவாதியா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது 28 சதவீத இணைகள் உடன்பாட்டுக்கு வரவில்லை. படித்து முடித்த பிறகு தரப்பைச் சொன்னபோது அது 6 சதவீதமானது. காகிதம் அதேதான், வழக்கும் அதேதான். படிக்கும்போதே தன் பக்கத்துக்குச் சாதகமாகப் படித்ததுதான் வித்தியாசம்.

அதே குழுவினர் இன்னொன்றையும் முயன்றார்கள். தன் தரப்பின் பலவீனங்களை எழுதச் சொன்னபோது உடன்பாடு எட்டாதவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். நல்ல மென்ட்டார் செய்வது இதைத்தான்: "அவர்கள் இடத்தில் இருந்தால் நீ என்ன கேட்பாய்?" அந்த பிராஜெக்டில் சம்பந்தமே இல்லாத ஒருவர் கேட்டால் இன்னும் நல்லது. எதிர்த்தரப்பும் தன் கேஸ் ஸ்ட்ராங் என்றே நம்பிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

டேட்டா எப்படிக் கிடைக்கும்? கிளெய்ம் ஃபைலை யாரும் கண்ணுல காட்ட மாட்டாங்களே.

நடந்துகொண்டிருக்கும் வழக்கைக் கேட்காதீர்கள், கிடைக்காது. கிடைத்தாலும் ஆபத்து, அதைக் கீழே சொல்கிறேன். முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கழிந்த பிராஜெக்ட்களை எடுங்கள். பெயரும் தொகையும் நீக்கிய கடிதங்கள் போதும் என்று கேட்டால் சில கதவு திறக்கும்.

எனக்குப் பிடித்த இன்னொரு வழி, கற்பனைச் சூழல். ஒரு பக்கத்தில் ஒரு சம்பவத்தை எழுதுங்கள்: தோண்டும்போது டிராயிங்கில் இல்லாத குழாய் வருகிறது, ஆலோசகர் வாய்மொழியாக "சுற்றிப் போங்கள்" என்கிறார். மென்ட்டார் உள்ள இளம் இன்ஜினியர்களிடமும் இல்லாதவர்களிடமும் அதைக் கொடுத்து அன்றே அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதி செய்தாரா, தேதியும் நேரமும் இருக்கிறதா, ஒப்பந்தப் பிரிவைக் குறிப்பிட்டாரா, விளைவைச் சொன்னாரா, போட்டோ எடுத்து வைத்ததைச் சொன்னாரா என்று மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண் போடுபவருக்கு எழுதியவர் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. பேட்டி மட்டும் எடுத்தால் "நாங்கள் எல்லாம் ஒழுங்காக ரெக்கார்ட் வைப்போம்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எழுதச் சொன்னால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

சாம்பிள் ரொம்பச் சின்னதா இருக்கே, ஒத்துக்குவாங்களா?

கேள்வியைப் பொறுத்தது. மேலே சொன்ன கிராமின் ஆய்வு 18 இணைகளை வைத்துத்தான் நடந்தது. உறவு எப்படி வளர்கிறது என்று புரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது. எத்தனை சதவீதம் என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் போதாது.

மென்ட்டாரிங்னாலதான் நல்லா எழுதறாங்கன்னு எப்படி நிரூபிக்கிறது? கெட்டிக்காரப் பையனைத்தானே சீனியர் பக்கத்துல வச்சுக்குவார்?

மிகச் சரியான சந்தேகம். தானாக அமையும் உறவில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. டாமி ஆலனும் சகாக்களும் 2004-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மென்ட்டார் உள்ளவர்களுக்கு வேலைத் திருப்தி போன்றவற்றில் வித்தியாசம் தெளிவாக இருந்தது. சம்பளம், பதவி உயர்வு போன்ற புற அளவுகளில் வித்தியாசம் சிறியதாகவே இருந்தது. ஆகவே "உங்கள் மென்ட்டாரால் பயன் உண்டா?" என்ற கேள்வித்தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு கம்பெனி தன் சைட்களில் மென்ட்டார் திட்டத்தைப் படிப்படியாகக் கொண்டுவந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முதலில் வந்த சைட்களையும் பிறகு வரப்போகும் சைட்களையும் ஒரே காலத்தில் ஒப்பிடலாம். டெய்லி ரிப்போர்ட்களின் தரம் திட்டத்துக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று மூன்றாவது கேள்வியில் பார்த்த அளவுகோலிலேயே அளக்கலாம். எந்த சைட்டுக்குத் திட்டம் முதலில் ஒதுக்கப்பட்டது, ஏன் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மென்ட்டார்கிட்ட மனசு விட்டுப் பேசினதை, இல்ல என்கிட்ட பேட்டியில சொன்னதை, கோர்ட்டு கேட்டா?

கேட்கலாம். வக்கீலிடம் சட்ட ஆலோசனைக்காகப் பேசியதற்கு பல நாடுகளில் பாதுகாப்பு உண்டு. சீனியர் இன்ஜினியரிடம் வாட்ஸ்அப்பில் "தப்பு நம்ம பக்கம்தான் சார்" என்று எழுதியதற்கு அப்படிப் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம். மென்ட்டார் திட்டம் நடத்துகிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆய்வாளருக்கும் இது பொருந்தும். பாஸ்டன் கல்லூரி வட அயர்லாந்து மோதல் பற்றி ரகசிய உறுதியோடு எடுத்துவைத்த வாய்மொழிப் பேட்டிகளை ஒப்படைக்கும்படி 2011-இல் சம்மன் வந்தது, கணிசமான சட்டப் போராட்டத்துக்குப் பிறகும் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டிவந்தது. கட்டுமானத்தோடு சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் பாடம் ஒன்றுதான். ஒப்புதல் படிவத்தில் "முழு ரகசியம்" என்று எழுதாதீர்கள். "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்று எழுதுங்கள். அதைவிட, உங்களுக்குத் தேவையில்லாத பெயரையும் பிராஜெக்டையும் முதலிலேயே பதிவு செய்யாமல் விடுவது பாதுகாப்பு.

மென்ட்டாரே "பழைய ரிப்போர்ட்டைக் கொஞ்சம் சரி பண்ணிடு"ன்னு சொன்னா?

செய்யக் கூடாது. விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்றைய தேதி போட்டு, "அன்றைய நிகழ்வு குறித்த பிற்சேர்க்கை" என்று தனியாக எழுதலாம். முன்தேதியிட்ட ஒரு பக்கம் பிடிபட்டால் ஒழுங்காக எழுதிய ஆயிரம் பக்கமும் சந்தேகத்துக்குள்ளாகும். கம்ப்யூட்டர் கோப்பு எப்போது உருவானது, எப்போது மாறியது என்பது அந்தக் கோப்போடு சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு எல்லையும் வருகிறது. சாட்சி சொல்லப் போகும் ஜூனியருக்கு என்ன சொல்லித் தரலாம்? கோர்ட் எப்படி இருக்கும், புரியாத கேள்விக்கு எப்படி விளக்கம் கேட்பது என்பது வரை சரி. எந்தப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்குவதை இங்கிலாந்து தடுக்கிறது. அமெரிக்காவில் தயார்ப்படுத்த இன்னும் அதிக இடம் உண்டு. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் உங்கள் ஆய்வுக்குட்பட்ட நாட்டின் விதியைத் தனியாகப் பாருங்கள். மென்ட்டாரே நிபுணர் சாட்சியாக வந்தால் இங்கிலாந்து சிவில் விதிகளின் 35-ஆம் பகுதிப்படி அவருடைய முதல் கடமை கோர்ட்டுக்கு உதவுவது, பணம் கொடுத்தவருக்கு அல்ல. சொந்த ஜூனியர் எழுதிய ரிப்போர்ட்டை மதிப்பிடும் நிலை வந்தால் விலகிக்கொள்வதுதான் முறை.

எங்க சீனியர் "லெட்டர் போட்டா உறவு கெடும், விடு"ங்கறார். அவர் அனுபவம் பெருசு. நான் நோட்டீஸ் போடணுமா, வேண்டாமா?

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஸ்டூவர்ட் மெக்காலே 1963-இல் அமெரிக்கத் தொழிலதிபர்களிடம் பேசி எழுதியது இதேதான்: தகராறு வந்தால் பலர் ஒப்பந்தத்தை எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை, உறவையும் நற்பெயரையும் வைத்தே தீர்த்துக்கொள்கிறார்கள். அந்த அறிவு மென்ட்டாரிடமிருந்துதான் வரும், எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

ஆனால் அவர் கற்ற காலத்தில் 28 நாள் தவறினால் உரிமை போகும் என்ற பிரிவு அவருடைய ஒப்பந்தங்களில் இருந்ததா என்று பாருங்கள். நோட்டீஸ் வேறு, சண்டை வேறு. "இப்படி ஒன்று நடந்திருக்கிறது, காலமும் செலவும் பாதிக்கலாம், விவரம் பின்னால் தருகிறோம்" என்று நான்கு வரி எழுதி, அனுப்புவதற்கு முன் போனில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிரிட்டனில் உருவான என்இசி என்ற மாதிரிக் கட்டுமான ஒப்பந்தங்கள் முன்னெச்சரிக்கை கொடுப்பதை இரு தரப்புக்கும் கடமையாகவே வைத்திருக்கின்றன. அந்த நான்கு வரியை நீங்கள் எழுதி, சீனியரிடம் காட்டி, வார்த்தையை அவரையே தணிக்கச் சொல்லுங்கள். தேதியையும் பிரிவு எண்ணையும் மட்டும் எடுக்க விடாதீர்கள்.